மாரிமுத்து என்றால் இழிவா?

பதிவேட்டில் தந்தையார் பெயர் 'மாரிமுத்து' எனப் படித்தால் நம் மாணவர் சிலர் நாணித் தலைகுனிகின்றனர். 'தோட்டத்துப் பெயராம்!' இந்த நகைப்பைக் கற்பித்தவர் யார்?

மாரி என்றால் மழை. முத்து என்பது மணி மட்டுமன்று; அம்மைக் கொப்புளத்திற்கும் அதுவே பெயர். பெரியம்மை உயிர்குடித்த நாள்களில், மாரியம்மனுக்கு நேர்ந்து பெற்ற பிள்ளைக்கு இட்ட நன்றிப்பெயர் இது. அந்நோய் ஒழிந்ததென உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது 1980இல்தான். தமிழிசை மூவருள் ஒருவரும் மாரிமுத்தாப் பிள்ளையே (1712–1787). அவர் எந்தத் தோட்டத்தில் பால்வெட்டினாராம்?

பேராக்கின் பால்மரக் காடுகள் பல செம்பனையாயின; தோட்டத்துக் கோயில்கள் சிலவும் இடம்பெயர்ந்தன. எஞ்சிய பெயரையும் எண்கணிதக்காரரிடம் கொடுத்துவிட்டு, பொருளறியா 'ஷ்' ஒலியொன்றை வாங்கி வருகிறீர்களே, பெற்றோர்களே! "அப்பா, என் பெயருக்கு என்ன பொருள்?" என்று மகன் கேட்டால் என்ன சொல்வீர்கள்?