ஊர் கேட்கும் கேள்வியும் தோழமைப் பயிற்சியும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 'அலைஷிப்' என்ற பெயரில் ஒரு பயிற்சி அளிக்கப்படுவதை வாசகர்கள் அறிந்திருக்கக்கூடும். பாகுபாட்டினால் நேரடியாகப் பாதிக்கப்படாத ஒருவர், பாதிக்கப்படுபவருக்குப் பக்கத்துணையாக எவ்வாறு நிற்பது என்பதே அதன் பாடம். நோக்கத்தில் குறைசொல்ல எதுவுமில்லை. ஆனால், இத்தகைய பயிற்சிகளைக் கட்டாயமாக்கினால் பலன் கிட்டுவதில்லை, வெறுப்பே வளர்கிறது என்று நிறுவனங்களை ஆராய்ந்த சமூகவியலாளர்களான பிராங்க் டொபினும் அலெக்ஸாண்ட்ரா கலேவும் 2016இல் எழுதினார்கள். அரசியலும் சும்மா இருக்கவில்லை. ரெக்ஸாஸ் மாநிலத்தின் அரச பல்கலைக்கழகங்களில் பன்மைத்துவ அலுவலகங்களைத் தடைசெய்யும் சட்டம் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

எமக்கு நெருக்கமான விடயம் சாதி. 2019 டிசம்பரில் பிரண்டைஸ் பல்கலைக்கழகமும், 2022 ஜனவரியில் அப்போது 23 வளாகங்களைக் கொண்டிருந்த கலிபோர்னிய அரச பல்கலைக்கழகமும் தமது பாகுபாட்டுத் தடை விதிகளில் சாதியையும் சேர்த்தன. கலிபோர்னியாவில் இதனை எதிர்த்து இரு பேராசிரியர்கள் நீதிமன்றம் சென்றனர். தெற்காசியர் அனைவரும் சந்தேகத்துக்குள்ளாவர் என்ற எதிர்த்தரப்பின் அச்சத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. சாதியென்றால் என்னவென்றே அறியாத அதிகாரி ஒருவர், பெயரையும் நிறத்தையும் பார்த்துத்தானே முடிவெடுப்பார்? ஆனால் அதற்காக விதியே வேண்டாம் என்பது எவ்வகையில் நியாயம்?

எமது சாதி தோலில் எழுதப்பட்டிருப்பதில்லை. அது கேள்வியாக வருகிறது. "தம்பி, ஊரிலை எவடம்?" என்று தொடங்கும். அடுத்து எந்தக் கோயிலடி, தாய்வழியில் எந்தப் பகுதி, இன்னாரைத் தெரியுமா என்று நீளும். அருகில் நிற்கும் வெள்ளைக்காரப் பயிற்றுநருக்கு அது ஊர்ப்பாசமாகவே தென்படும். (சிலவேளை அது ஊர்ப்பாசம்தான் என்பதே இதிலுள்ள சிக்கல்.) பதில் சொல்லத் தயங்கும் மாணவனின் முகத்தில் என்ன நிகழ்கிறது என்பது, அதே ஊரைச் சேர்ந்த இன்னொரு தமிழனுக்கு மட்டுமே விளங்கும். பேச்சை மாற்றிவிடக் கூடியவனும், "இதையேன் கேட்கிறியள்?" என்று மறிக்கக்கூடியவனும் அவனே. மொழிபெயர்த்த கையேட்டினால் இது ஆகாது.

இதற்கு எம்மிடம் முன்னுதாரணம் இல்லாமலில்லை. 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிப் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற அமைப்பில், ஹன்டி பேரின்பநாயகம் போன்றோர் சாதித் தடைகளுக்கு எதிராகப் பேசினர். அங்கிருந்த படித்த இளைஞர்களில் பலர் அத்தடைகளால் எதையும் இழந்தவர்களல்லர். மாறாக, பேசியதால் உறவினரின் பகையைத் தேடிக்கொள்ள வேண்டியவர்கள். எந்தப் பயிற்சிப் பட்டறையும் அவர்களுக்குச் சான்றிதழ் வழங்கவில்லை.

புலம்பெயர் நாடுகளின் பல்கலைக்கழகங்களிலுள்ள தமிழ் மாணவர் சங்கங்கள், பொங்கல் விழாவுக்கு மண்டபம் தேடும் அக்கறையில் ஒரு பங்கை இதற்கும் ஒதுக்கலாம். ஒரு மாலைப்பொழுது போதும். பயிற்றுநரை வெளியிலிருந்து அழைக்கவேண்டியதில்லை. பெற்றோரை அழைத்து முன்வரிசையில் இருத்தினால் நல்லது. அந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் அநேகர் அவர்களே.