நாய் மருந்தை முயலுக்குப் போடாதீங்க

1/ "நாய்க்கு வாங்கின உண்ணி மருந்து மிச்சம் இருக்கு டாக்டர், முயலுக்கு ரெண்டு சொட்டு விடலாமா?" இன்பாக்ஸ்ல அடிக்கடி வர்ற கேள்வி. நான் மனுஷங்களுக்கு வைத்தியம் பார்க்கிறவன். ஆனாலும் இதுக்கு பதில் தெரியும்: கூடாது. அரை சொட்டுகூட.

2/ நாய், பூனை கழுத்தில் விடும் சொட்டு மருந்துகள் பலவற்றில் இருப்பது ஃபிப்ரோனில். பூச்சியின் நரம்பைத் தாக்கிக் கொல்லும். நாய் தாங்கும். முயலுக்கு வலிப்பு வரும், உயிரே போகலாம். லேபிளிலேயே 'முயலுக்குக் கூடாது'ன்னு எச்சரிக்கை இருக்கும். அதைப் படிக்காம "எல்லாத்துக்கும் ஒரே மருந்துதான் சார்"னு விக்கிறவங்களை என்ன சொல்ல?

3/ அடுத்தது "இயற்கை வைத்தியம்" கோஷ்டி. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கலந்து தடவணுமாம். கற்பூரம் குழந்தை வயித்துக்குள்ள போனாலே வலிப்பு வரும். முயல் நாளெல்லாம் தன் உடம்பை நக்கிக்கிட்டே இருக்கும். மீதியை நீங்களே யோசிங்க.

4/ "ஐவர்மெக்டின் முயலுக்கு ஒத்துக்கும்தானே?" ஒத்துக்கும். ஆனா அளவு? வழக்கமா கிலோவுக்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம். ஒன்றரை கிலோ முயலுக்கு 0.3 முதல் 0.6. உங்க வீட்டு 12 மில்லிகிராம் மாத்திரை அதைப்போல 20 முதல் 40 மடங்கு. உடைச்சுக் கொடுக்கிற விஷயமா இது?

5/ இதுல உங்க உடம்பும் இருக்கு. முயல் முதுகில் பொடுகு மாதிரி செதில், உத்துப் பார்த்தா நகருது. அது செய்லெட்டியெல்லா என்ற சிற்றுண்ணி. தூக்கிக் கொஞ்சுறவங்களுக்கு கையிலும் வயித்திலும் அரிப்புக் கொப்புளம் வரும். நம்ம மேல அது நிலைச்சு வாழாது. ஆனா முயலைக் கவனிக்காம நீங்க மட்டும் களிம்பு போட்டா, அரிப்பு திரும்பத் திரும்ப வரும். தோல் டாக்டர்கிட்ட போனா 'வீட்ல முயல் இருக்கு'ன்னு சொல்லுங்க.

6/ "முயலே சில நூறு ரூபா, டாக்டர் ஃபீஸ் அதைவிட ஜாஸ்தி!" உண்மையான வாதம் இதுதான். மத்ததெல்லாம் சாக்கு. விலை குறைஞ்ச உயிருக்கு வலி குறைச்சலா? காதுச் சொறி வந்த முயல் ரத்தம் வர்ற அளவுக்குச் சொறிஞ்சுக்கும்.

7/ செய்ய வேண்டியது: முயல் பார்க்கும் கால்நடை மருத்துவர்கிட்ட போங்க. எடை போட்டுத்தான் மருந்து. முட்டை பொரிச்சு வர்றதையும் கொல்லணும், அதனால சொன்ன தேதியில் மறுபடி போங்க. வீட்டில் இருக்கிற எல்லா முயலுக்கும் சேர்த்துப் பாருங்க, கூண்டைச் சுத்தம் பண்ணுங்க. குளிப்பாட்டாதீங்க. காதுப் பொருக்கைப் பிய்க்காதீங்க, உயிர் போற வலி அது. மருந்து வேலை செஞ்சா தானே உதிரும்.

8/ அந்த மிச்ச நாய் மருந்து? நாய்க்கே வச்சுக்கோங்க.