தவறான விடை சொல்ல ஒருவர் தேவை

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளில் நுண்ணிலைக் கற்பித்தல் நடைபெறும் அறையை ஒருமுறையேனும் எட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பரிச்சயமானதாகவே இருக்கும். பட்டம் பெற்ற இளைஞர்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளாக வேஷம் பூண்டு பெஞ்சுகளில் அமர்ந்திருக்க, அவர்களுள் ஒருவரே ஆசிரியராகிக் கரும்பலகையின் முன் நின்று, அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் என்ன வருமென்று வினவுவார். வினவிய மாத்திரத்தில் எல்லாக் கைகளும் உயரும். எழுந்து நிற்கும் முதல் ‘பிள்ளை’யே ஆறில் ஐந்து என்று பிசகின்றிச் சொல்லிவிடும். ஆசிரியர் ‘வெரி குட்’ என்பார். ரெக்கார்டு நோட்டில் ஒரு பக்கம் நிரம்பும்.

நிஜமான ஆறாம் வகுப்பிலோ ஐந்தில் இரண்டு என்ற விடைதான் அடிக்கடி காதில் விழும். மேலே இருப்பதை மேலே இருப்பதோடும், கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டி, தனக்கென ஒரு நியாயத்தை வகுத்துக்கொண்டே குழந்தை அந்த விடைக்கு வந்து சேர்கிறது. அதைக் கேட்டவுடன் ஆசிரியர் என்ன சொல்கிறார் என்பதில்தான் போதனா சாமர்த்தியம் முழுவதும் அடங்கியிருக்க, அந்தச் சந்தர்ப்பமே வாய்க்காதபடி நம் பாவனை வகுப்புகள் நடந்து முடிகின்றன என்பது என் அபிப்பிராயம்.

1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவருடைய சகாக்களும் இம்முறையை வகுத்தபோது, பயிற்சி ஆசிரியரின் முன் நாலைந்து பள்ளி மாணவர்களே அமர்ந்தார்கள்; சில நிமிஷப் பாடம் முடிந்ததும் அதன் குறை நிறைகளை மேற்பார்வையாளர் எடுத்துரைக்க, அதே பாடம் திரும்பவும் நடத்தப்பட்டது. நம் நாட்டில் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுமம் இதனை 36 நிமிஷச் சுற்றாக அமைத்தது: கற்பிக்க 6, கருத்துரைக்க 6, பாடத்தைத் திருத்தியமைக்க 12, மீண்டும் கற்பிக்க 6, மீண்டும் கருத்துரைக்க 6. திருத்தியமைப்பதற்கே மிகுதியான நேரம் ஒதுக்கப்பட்டிருப்பது யோசனைக்குரிய விஷயம். ஆயினும், வரிசையில் காத்திருப்போர் பலராக இருக்கும்போது முதலில் கைவிடப்படுவது இந்தப் பிற்பாதிதான்.

இன்று மேனாடுகளில் திரையில் தோன்றும் பொம்மை மாணவர்களிடம் பாடம் நடத்திப் பழகுகிறார்கள். அப்பொம்மைகளுக்குக் குரல் கொடுப்பவர் திரைமறைவில் இருக்கும் ஒரு மனிதரே. இவ்வகைப் பயிற்சியை ஆராய்ந்து வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்ட முடிவு கவனிக்கத்தக்கது. இரு அமர்வுகளுக்கிடையே பயிற்றுநர் ஒருவரோடு ஐந்து நிமிஷம் பேசியவர்கள் அடுத்த அமர்வில் தெளிவாக முன்னேற, தாமாகவே சிந்தித்துக்கொள்ளும்படி விடப்பட்டவர்களிடம் அந்த முன்னேற்றம் தென்படவில்லை. ஆகவே, விலையுயர்ந்த யந்திரம் இல்லையே என்று நாம் விசனப்பட வேண்டியதில்லை.

பி.எட். ஈராண்டுப் படிப்பாகி, பள்ளியிலேயே பழகும் காலமும் நீண்டுவிட்ட பின் இந்த நாடகம் எதற்கு என்று சிலர் ஆட்சேபிக்கலாம். பள்ளிக்கூடத்துக் குழந்தையிடம் “தப்பு, உட்கார்” என்று சொல்லிவிட்டால் சொன்னதுதான். அதை அழித்து எழுத இயலாது. பாவனை வகுப்பில் அதே வார்த்தை வாய்தவறி வந்தாலும், அருகிலிருக்கும் பேராசிரியர் நிறுத்தி, “எப்படிக் கூட்டினான் என்று கேளுங்கள், அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு அது அரையைவிடக் குறைந்துபோகுமா என்றும் கேட்டுப் பாருங்கள்” என்று சொல்ல, பயிற்சி ஆசிரியர் மறுபடியும் தொடங்கலாம்.

இதற்கு வேண்டுவதெல்லாம் ஒரு துண்டுச் சீட்டு. ஐந்தில் இரண்டு என்று அதில் எழுதி மடித்து, கடைசி பெஞ்சில் இருக்கும் தோழர் ஒருவரிடம் பாடம் தொடங்குமுன் கொடுத்துவிடுங்கள். ஆசிரியராக நிற்பவருக்கு மட்டும் அது தெரிய வேண்டாம்.