எம்பிராய்டரி மெஷின் வாங்கப் போறீங்களா?

கடலை வித்த காசுல போன வருசம் வீட்டுக்கு ஒரு எம்பிராய்டரி மெஷின் வாங்கினோம். அம்மாவோட பழைய நூல் சேலைகளை அடுக்கிப் போர்வை தைக்கணும்னு வீட்டம்மாவுக்கு ஆசை. வந்த பிறகுதான் தெரிஞ்சது, அது பூ மட்டும்தான் போடும், நேர்த்தையல் வராது. ஃபிரேமும் நாலுக்கு நாலு இஞ்ச்தான்.

போர்வைக்குத் தேவை வேற. சுருட்டின துணி நுழைய ஊசிக்கு வலப்பக்கம் நல்ல இடம் வேணும். துணியை நகர்த்துற பல்லை இறக்கிவிட்டா, நம்ம இஷ்டத்துக்கு வளைச்சுத் தைக்கலாம். கடைசியில மூலையில கிடந்த பழைய பெடல் மெஷினுக்கு எண்ணெய் விட்டு அதுலதான் தைச்சோம்.

அதனால சொல்றேன்: மண்ணைப் பார்த்துட்டு விதை வாங்குற மாதிரி, என்ன தைக்கப் போறோம்னு பார்த்துட்டு மெஷின் வாங்குங்க. உங்க துணியையே கடைக்கு எடுத்துட்டுப் போயி, தைச்சுப் பார்த்த பிறகு காசைக் குடுங்க.