கல்லறை விளையாட்டுக் களமா?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

விஞ்ஞானம் விண்ணை அளந்துவிட்டது என்று மேடைதோறும் முழங்குகிறோம். உண்மைதான். விண்ணில் சுற்றும் செயற்கைக் கோள்கள் அனுப்பும் அலைகளைக் கொண்டு, நாம் நிற்கும் இடத்தைச் சில மீட்டர் பிசகில் சட்டைப் பையிலுள்ள செல்போன் சொல்லிவிடுகிறது. இந்த அரிய ஆற்றலைக் கொண்டு விளையாட்டுகளும் செய்திருக்கிறார்கள். விளையாட்டில் தவறில்லை, நானும் விளையாடுவதுண்டு. ஆனால் ஒருவர் விளையாடும் களம் இன்னொருவர் வீட்டுக் கல்லறையாக இருக்கலாமா? ஜப்பான் நாட்டில் அப்படித்தான் நடந்திருக்கிறது. அது தவறு என்பது மட்டுமல்ல, அந்தத் தவறு நடக்கும் வழியே கோணலானது என்பது என் கருத்து.

மற்ற விளையாட்டுகளுக்குக் களம் திரைக்குள் இருக்கும்; இவற்றுக்கு ஊரே களம். நயான்டிக் என்ற அமெரிக்க நிறுவனம், கூகுளின் ஒரு பிரிவாக இருந்த காலத்தில், 2012-ல் 'இங்கிரெஸ்' என்ற ஆட்டத்தைக் கொண்டு வந்தது. பின்னர் 2016 ஜூலையில் 'போக்கிமான் கோ' வந்தது. ஜப்பானில் அது வெளியான நாள் ஜூலை 22. நாம் தெருவில் நடந்தால் திரையில் வரைபடம் நகரும். சிலை, கோயில், பூங்கா, நினைவுத் தூண் ஆகியவை உள்ள இடங்களில் ஒரு குறி தோன்றும். அருகே போய் அதை விரலால் சுழற்றினால் ஆட்டத்துக்கு வேண்டிய பொருள்கள் கிடைக்கும். சில குறிகள் 'ஜிம்' எனப்படும் போட்டிக் களங்கள்.

இந்தக் குறிகளை வைத்தவர் யார்? நிறுவனம் ஊர் ஊராக ஆள் அனுப்பி வைக்கவில்லை. இங்கிரெஸ் ஆடியவர்கள் தங்கள் ஊரில் கண்டவற்றைப் படமெடுத்து அனுப்பினார்கள். அந்தப் பட்டியலிலிருந்துதான் போக்கிமான் கோவின் குறிகளும் பிறந்தன. 2019-ல் 'வேஃபேரர்' என்ற ஏற்பாடு வந்தது. ஒருவர் ஓர் இடத்தை முன்மொழிவார். முகமறியாத மற்ற ஆட்டக்காரர்கள் படத்தையும் வரைபடத்தையும் பார்த்து, ஏற்பதா தள்ளுவதா என்று வாக்களிப்பார்கள். கேட்பதற்கு ஜனநாயகம் போலத்தான் இருக்கிறது. ஆனால் முன்மொழிபவரும் ஆட்டக்காரர், வழிமொழிபவரும் ஆட்டக்காரர். இடத்துக்கு உரியவர் மட்டும் அந்தச் சபையில் இல்லை!

ஜப்பானியரின் கல்லறையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அங்கே இறந்தோரை ஏறத்தாழ அனைவரையுமே எரிக்கிறார்கள். எஞ்சிய எலும்புகளைக் கலசத்தில் இட்டு, கல்லுக்கு அடியிலுள்ள சிறு அறையில் வைக்கிறார்கள். ஆளுக்கு ஒரு கல் என்பதைவிடக் குடும்பத்துக்கு ஒரு கல் என்பதே பெருவழக்கு. பாட்டன், பாட்டி, தந்தை, தாய் எல்லாரும் ஒரே கல்லின் கீழ் துயில்கிறார்கள். கல்லின் முகப்பில் 'இன்ன குடும்பத்தின் கல்லறை' என்று பொறித்திருக்கும். குடும்பம் என்பதற்கு அங்கே எழுதும் எழுத்து வீட்டையும் குறிக்கும். நாம் 'வீட்டார்' என்கிறோமே, அதைப் போல. இரவும் பகலும் சமமாகும் நாள்களை ஒட்டி ஆண்டுக்கு இருமுறை 'ஹிகான்' வரும். கோடையில், பெரும்பாலான ஊர்களில் ஆகஸ்ட் நடுவில், 'ஓபோன்' வரும். பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊர் திரும்பி, வாளியில் நீர் கொண்டுவந்து, அகப்பையால் மொண்டு ஊற்றிக் கல்லைக் கழுவி, பூவும் ஊதுவத்தியும் வைத்து வணங்குவார்கள்.

இத்தகைய கல்லறைகள் கோயில் வளாகங்களில் உண்டு. நகராட்சி நடத்தும் பெரிய மயானங்களிலும் உண்டு. சிற்றூர்களில் வயலோரத்திலும் மலைச் சரிவிலும் ஒரு குடும்பத்துக்கோ நாலைந்து குடும்பங்களுக்கோ மட்டும் உரிய சின்னஞ்சிறு கல்லறைகளும் இருக்கின்றன. 1948-ல் கல்லறைச் சட்டம் வருவதற்கு முன்பே இருந்தவை பல. சுற்றுச்சுவர் கிடையாது, வாயிற்கதவு கிடையாது, காவல்காரர் கிடையாது. அந்நியர் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் அவற்றுக்கு வேலி.

சிற்றூரில் விளையாட்டுக் குறிகள் குறைவு. தன் வீட்டருகே ஒரு குறி வேண்டும் என்ற ஆசை ஆட்டக்காரருக்கு இருக்கும். சுற்றிப் பார்க்கிறார். கல்லறை வாயிலில் ஜிசோ சிலை நிற்கிறது. ஜிசோ என்பவர் இறந்துபோன குழந்தைகளுக்கும் வழிப்போக்கருக்கும் காவல் என்று ஜப்பானியர் போற்றும் போதிசத்துவர். ஆறு ஜிசோக்கள் வரிசையாகக் கல்லறை முகப்பில் நிற்பது வழக்கம். கிட்டப் போய்ப் படமெடுத்தால் பின்னாலுள்ள கல்லறைகள் படத்தில் விழாது. 'பழமையான கற்சிலை' என்று எழுதி அனுப்பிவிடலாம். சிலை இல்லாவிட்டால் 'கோரின்தோ' இருக்கும். சதுரம், உருண்டை, கூரை போன்ற முக்கோணம், அரைவட்டம், மொட்டு என ஐந்து வடிவங்களை அடுக்கிய கல் தூண் அது. கீழிருந்து மேலாக நிலம், நீர், நெருப்பு, காற்று, வெளி என்று பொருள். ஐம்பூதம் அறிந்த நமக்கு அந்தத் தத்துவம் புதிதல்ல. பார்வைக்கு அழகான தூண்தான். ஆனால் பல இடங்களில் அதுவே ஒருவருடைய சமாதி. வெளிநாட்டிலிருந்து வந்தவருக்குத் தெரியாது என்று மன்னிக்கலாம். உள்ளூர்க்காரருக்குமா தெரியாது? குடும்பக் கல்லறைகள் இப்படி இடம்பெறுவதைக் கண்டு மனம் நொந்து முறையிட்டவர்களில் ஆட்டக்காரர்களும் உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

"நாலு பேர் வந்து போனால் கல் தேய்ந்துவிடுமா?" என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். கல் தேயாது. ஆனால் 2017 முதல் ஜிம்களில் 'ரெய்டு' என்ற கூட்டுப் போர் நடக்கிறது. குறித்த நேரத்தில் அறிமுகமில்லாத பலர் ஒரே இடத்தில் கூடுவார்கள். தாயின் கல்லைக் கழுவிக் கொண்டிருக்கும் மகளின் பின்னால் பத்துப் பேர் நின்று திரையைத் தட்டிக் கொண்டிருப்பதைக் கற்பனை செய்து பாருங்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. யாரும் கல்லைத் தொடவும் இல்லை. ஆயினும் அந்த மகள் அடுத்த முறை நிம்மதியாக வருவாளா? இன்னொன்றும் உண்டு. முன்மொழிந்த படத்தில் கல் தெரிந்தால் அதில் பொறித்த குடும்பப் பெயரும் தெரியும். எந்தக் குடும்பம் எந்த மலையடியில் தன் முன்னோரை வைத்திருக்கிறது என்பது உலகுக்கெல்லாம் காட்டப்படும் செய்தியாகிவிடுகிறது.

உள்ளே நுழையத் தேவையில்லையே என்பது மற்றொரு வாதம். முதலில் குறியைச் சுழற்ற 40 மீட்டருக்குள் வரவேண்டும். 2020-ல் தொற்றுநோய்க் காலத்தில் அதை 80 மீட்டர் ஆக்கினார்கள். 2021-ல் குறைக்க முயன்றபோது ஆட்டக்காரர்கள் கொதித்தெழ, 80 மீட்டரே நிலைத்தது. ஆக, சாலையில் நின்றே ஆடலாமாம்! சிற்றூரில் கல்லறையிலிருந்து 80 மீட்டருக்குள் இருப்பது எது? அந்தக் குடும்பத்தின் வயல். சில வேளை அவர்கள் குடியிருக்கும் வீடு.

கல்லறை என்றாலே ஆட்டம் கூடாது என்று நான் வாதாடவில்லை. தோக்கியோவின் யானகா மயானத்தில் கடைசி ஷோகுன் தோக்குகவா யொஷினொபுவின் சமாதி இருக்கிறது. ஸோஷிகயாவில் 1916-ல் மறைந்த நாவலாசிரியர் நட்சுமே சோசெகியின் கல்லறை இருக்கிறது. கோயா மலையில் ஒகுனோயின் என்ற மயானத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கற்கள் உள்ளன என்பர். உலகெங்குமிருந்து மக்கள் வந்து பார்க்கிறார்கள். அங்கெல்லாம் வருவோரை எதிர்பார்க்கிறார்கள். எங்கே நடக்கலாம், எங்கே படமெடுக்கக் கூடாது என்று சொல்ல ஆளும் இருக்கிறார்கள். வயலோரத்து ஆறு கற்களுக்கு அப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

இதுதான் எனக்கு உறுத்துகிறது. 2016-ல் ஹிரோஷிமா நகராட்சி, ஆகஸ்ட் 6-ம் நாள் அணுகுண்டு நினைவு அஞ்சலிக்கு முன்பாக அமைதிப் பூங்காவிலுள்ள குறிகளை நீக்கும்படி கேட்டது, நீக்கினார்கள். புகழ்பெற்ற இசுமோ பெருங்கோயில் தன் வளாகத்தில் ஆட்டத்தையே தடை செய்தது. இவற்றுக்கு அலுவலகம் உண்டு, பத்திரிகை உண்டு, குரல் உண்டு. அமெரிக்காவில் வீட்டுச் சொந்தக்காரர்கள் 2016-ல் வழக்குத் தொடுத்தார்கள். 2019-ல் சமரசம் ஏற்பட்டது. தனி வீட்டிலிருந்து 40 மீட்டருக்குள் உள்ள குறியைப் பற்றி வீட்டுக்காரர் புகார் செய்தால் நிறுவனம் கவனிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. வீட்டுக்கு அந்தக் காப்பு கிடைத்தது. கல்லறை வீடல்லவே! கல்லின் மேல் 'வீடு' என்று பொருள்படும் எழுத்து இருந்தும் அது வீடல்ல. ஜப்பானியக் குற்றவியல் சட்டம் 188-ம் பிரிவு, கல்லறையில் வெளிப்படையாக அவமரியாதை செய்தால் ஆறு மாதம் வரை சிறை என்கிறது. வெறுமனே நின்று திரையைச் சுழற்றுவதை அதில் அடக்குவது கடினம். அடக்க வேண்டும் என்றும் நான் கேட்கமாட்டேன். ஆட்டம் ஆடும் பையனைச் சிறையில் தள்ளி என்ன பயன்?

"புகார் செய்தால் நீக்குகிறோமே, படிவம் இருக்கிறதே" என்பார்கள். படிவத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். உதவித்தொகையா, சான்றிதழா, ரேஷன் கார்டில் திருத்தமா, எல்லாம் இணையத்தில்தான்; எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு நான்தான் நிரப்பிக் கொடுக்கிறேன். என் தந்தை செல்போனை நீட்டி, "இதுல என்ன கேக்குறான் பாரு தம்பி" என்பார். அவருக்கு என்ன கேட்கிறார்கள் என்றாவது தெரியும், கேட்கிறார்கள் என்பதாவது தெரியும். தன் மாமனார் மாமியார் கல்லுக்கு நீர் ஊற்றும் எண்பது வயது ஜப்பானிய மூதாட்டிக்கு, அந்தக் கல் ஒரு விளையாட்டில் இருக்கிறது என்பதே தெரியாது. தெரியாததைப் பற்றி அவர் எப்படிப் புகார் எழுதுவார்? புகார் வரவில்லை என்பதை நிறுவனம் சம்மதம் என்று கணக்கு வைத்துக்கொள்கிறது.

மேலும், ஒருமுறை ஏறிய இடம் ஓர் ஆட்டத்தோடு நிற்பதில்லை. 2021-ல் வந்த 'பிக்மின் புளூம்', 2023-ல் வந்த 'மான்ஸ்டர் ஹன்டர் நௌ' ஆகியவையும் இதே நிறுவனம் நடத்தியவை. இடங்களின் பட்டியல் அவற்றுக்கும் உதவியது. 2025-ல் இந்த ஆட்டங்கள் ஸ்கோப்லி என்ற வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. இங்கிரெஸ் மட்டும் பழைய கையிலிருந்து பிரிந்த இன்னொரு நிறுவனத்தோடு நின்றது. கல்லறை இருந்த இடத்திலேயே இருக்க, அதன் குறி கைமாறிக் கொண்டே போகிறது. என்றோ படமெடுத்து அனுப்பியவர் ஆட்டத்தையே விட்டிருக்கலாம். குறி விடுவதில்லை.

ஆட்டங்களை நிறுத்தச் சொல்லவில்லை. வீட்டுக்குள் அடைந்து கிடந்த பலரை அவை நடக்க வைத்திருக்கின்றன. தன் ஊரிலேயே கவனிக்காத சிலையைக் கவனிக்க வைத்திருக்கின்றன. கேட்பது ஒன்றுதான். இடத்தை முன்மொழியும்போது தலைப்பு, விளக்கம், படம் எல்லாம் கேட்கிறார்கள். அவற்றோடு, "அருகில் கல்லறை உண்டா? உண்டென்றால் அது யாருடையது? அவர்களைக் கேட்டீர்களா?" என்றும் கேட்கட்டும். மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்றால் வாக்கெடுப்புக்கே போகக் கூடாது. சிற்றூரில் அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடிப்பது அப்படியொன்றும் பெரிய வேலையில்லை. பெயர் கல்லிலேயே எழுதியிருக்கிறது.