ஊற்றைக் காக்கும் வேலைக்கும் பேர் போடு!



கொஞ்சக் காலமாக நமது தோட்டங்களில் புதிதாக ஒரு திருவிழா நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளை மடுவத்திலோ வாசிகசாலையிலோ பதாகை கட்டுகிறார்கள். 'மண்ணைக் காப்போம்', 'நீரூற்றுக்களைப் பேணுவோம்' என்று அதில் எழுதியிருக்கிறது. டவுனிலிருந்து வாகனம் வருகிறது. விளக்கேற்றல், வரவேற்புரை, விரிவுரை எல்லாம் நடக்கின்றன. ஓடையில் குப்பை போடக்கூடாது, மரத்தை வெட்டக்கூடாது, தண்ணீரை வீணாக்கக்கூடாது என்று நமக்குப் பாடம் சொல்கிறார்கள். பகல் சாப்பாட்டுப் பார்சலுக்குப் பிறகு கையுறையும் சாக்கும் தந்து ஓடைக்கரையில் சிரமதானம் செய்யச் சொல்கிறார்கள். படம் எடுக்கிறார்கள். பின்னேரம் நாலு மணிக்கு வாகனம் போய்விடுகிறது. அடுத்த நாள் காலைப் பெரட்டில், அதே ஓடைக்கு மேலே இருக்கிற மலைக்கு மருந்தடிக்க ஆள் பிரிக்கிறார்கள்.

இப்படியான செயலமர்வுகளுக்கு நாம் எதிரிகள் அல்ல. மண்ணையும் தண்ணீரையும் பற்றி யார் வந்து பேசினாலும் கேட்போம். தெரியாததைக் கற்றுக்கொள்வோம். ஆனால் தொழிற்சங்கம் என்ற முறையில் சில கேள்விகளைக் கேட்காமல் இருக்க முடியாது. மண்ணைப் பாதுகாப்பது வேலையா, தானமா? வேலை என்றால் அதற்குக் கூலி எங்கே? பாடம் கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார்களா?

நமது மலைகளின் கதையை ஒருமுறை நினைத்துப் பார்ப்போம். இந்த மலைகள் ஒரு காலத்தில் அடர்ந்த காடு. கோப்பிக்காக வெள்ளைக்காரத் துரைமார் அந்தக் காட்டை அழிக்க வைத்தார்கள். 1869இல் கோப்பியில் இலைநோய் தொடங்கி, அடுத்து வந்த ஆண்டுகளில் கோப்பி அழிந்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்குள் ஒரு புல்லும் தலைகாட்டக்கூடாது என்று சுரண்டியால் நிலத்தைச் சுரண்டிச் சுத்தமாக வைத்திருக்கும்படி கட்டளையிட்டார்கள். மேல் மண் மழையோடு ஆற்றுக்குப் போனது. கட்டளை துரையுடையது, கையும் சுரண்டியும் மட்டுமே நம் முன்னோருடையவை.

அதே முன்னோர்தான் அந்த மண்ணை நிறுத்தவும் உழைத்தார்கள். செங்குத்தான சரிவுகளில் கல் சுமந்து கற்கட்டுக் கட்டியவர்கள் அவர்கள். மலைக்கு மலை கான் வெட்டியவர்கள் அவர்கள். ஊற்றுக் கண்டு, பீலி வைத்து, லயத்துக்குத் தண்ணீர் கொண்டு வந்தவர்கள் அவர்கள். இருநூறு வருட காலமாக மலையகத்தில் நில பராமரிப்பு என்று ஒன்று நடந்திருந்தால் அது நமது கைகளால் நடந்தது. அப்படிப்பட்ட மக்களை ஒன்றும் தெரியாத பிள்ளைகளைப் போல் உட்காரவைத்து 'மண் அரிப்பு என்றால் என்ன தெரியுமா?' என்று கேட்பது சரியா?

நமது மலைத் தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். நோர்வூட் பக்கத்துத் தோட்டங்களின் ஓடைகள் கெஹெல்கமு ஓயாவில் விழுந்து காசல்ரீ நீர்த்தேக்கத்தை நிரப்புகின்றன. மஸ்கெலியா ஓயாவின் தண்ணீர் மவுஸ்ஸாக்கலைக்குப் போகிறது. இந்த இரண்டு ஓயாக்களும் சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. அந்தக் களனி கங்கையின் தண்ணீரைத்தான் அம்பத்தலையில் சுத்திகரித்துக் கொழும்பு குடிக்கிறது. இந்தப் பக்கம் கொத்மலை ஓயா மகாவலியில் கலக்கிறது. 335 கிலோமீட்டர் ஓடித் திருகோணமலைக் கடலில் விழுகிற மகாவலி, வழியில் எத்தனையோ வயல்களை நனைக்கிறது, மின்சாரமும் தருகிறது. நமது மலையில் ஒரு கான் உடைந்தால் அந்த மண் நீர்த்தேக்கத்தின் அடியில் போய்ப் படிகிறது. நமது மலையைக் காப்பது நாட்டின் குடிநீரையும் சோற்றையும் வெளிச்சத்தையும் காக்கும் வேலை. இவ்வளவு பெரிய வேலையை ஞாயிற்றுக்கிழமைச் சிரமதானத்துக்கு ஒதுக்கிவிட்டு ஆறு நாளும் மறந்திருப்பது யாருக்கு வசதி?

கான் வேலையையே எடுத்துக்கொள்வோம். மழைத் தண்ணீர் சரிவில் நேராக இறங்கினால் மண்ணை இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் சரிவுக்குக் குறுக்கே, லேசான வாட்டத்தோடு கான் வெட்டுகிறோம். கானுக்குள்ளே இடைக்கிடை மண் தடுப்பு விட்டால் தண்ணீர் அங்கே தங்கி நிலத்துக்குள் இறங்கும். மண் கானுக்குள் படியும். படிந்த மண்ணை அள்ளி மேற்பக்கத்தில் தேயிலை அடியில் போட வேண்டும். இந்த வேலையை விட்டுவிட்டால் கான் தூர்ந்துபோகும். தூர்ந்த கானில் தண்ணீர் நிற்காமல் ஒரே இடத்தால் உடைத்துப் பாயும். அந்த இடம் முதலில் சிறு வாய்க்கால், பிறகு பள்ளம், கடைசியில் மண்சரிவு. நிலத்துக்குள் இறங்காத தண்ணீர் ஊற்றுக்கும் போகாது. மாரியில் மலை சரிவதற்கும் வரட்சியில் பீலி காய்வதற்கும் பல இடங்களில் காரணம் ஒன்றுதான்.

இன்று எத்தனை தோட்டங்களில் கான் அள்ளுவதற்கு ஒழுங்காக ஆள் போடுகிறார்கள்? கேட்டால் 'கட்டுப்படியாகாது' என்கிறார்கள். செக்ரோலில் கொழுந்துக்கு மட்டுமே இடம். கான், கற்கட்டு, முள்ளுக் குத்துதல், கையால் புல் எடுத்தல் ஆகிய வேலைகள் ஒவ்வொன்றாகக் குறைந்து வருகின்றன. புல்லுக்குப் பதில் மருந்து வந்தது. கிளைபோசேட்டை 2015இல் அரசாங்கம் தடை செய்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அந்தத் தடையைத் தளர்த்தியது. தோட்டத்தை நடத்துகிறவர்கள் மருந்துக்காகப் போராடினார்கள்; புல் எடுக்கும் தொழிலாளிக்குப் பேர் போட அவ்வளவு துடித்ததை நாம் காணவில்லை. மருந்தடித்த மலையில் நிலம் வெறுமையாகிறது; அடுத்த மழையில் மண்ணும் மருந்தும் சேர்ந்து ஓடைக்கு வருகின்றன. மருந்து டாங்கியைச் சுமக்கும் நமது தோழருக்குக் கழுவ ஓர் இடம் கட்டிக் கொடுக்காத தோட்டத்தில், 'ஓடையில் டாங்கி கழுவாதே' என்று போர்டு வைப்பதால் என்ன பயன்?

ஊற்றுகளுக்கு மேலே நாம் டர்பன்டைன் என்று சொல்கிற யூகலிப்டஸ் மரத்தை விறகுக்கும் பலகைக்குமாக நட்டிருக்கிறார்கள். வேகமாக வளரும் அந்த மரம் தண்ணீரையும் நிறையவே குடிக்கும். ஊற்றுக்கு மேலே எந்த மரம் நிற்க வேண்டும் என்று பீலியில் தண்ணீர் பிடிக்கும் பெண்களிடம் யாராவது கேட்டார்களா?

இனிக் குப்பைக்கு வருவோம். நம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு அதுதானே கையில் இருக்கும் பெரிய சாட்சி! 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் செலவு செய்வதற்குத் தடையாக இருந்தது. நமது வாக்கு வேண்டும். நமது லயத்துக் குப்பை வேண்டாம். அந்தப் பிரிவைத் திருத்த 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் குப்பை வண்டி வர வழியில்லாத இடத்தில் குப்பை எங்கே போகும்? சட்டம் மாறிய பின்பும் குப்பை வண்டியைக் காணாத லயங்கள் இருக்கின்றன. ஒழுங்கான மலசலகூடம் இல்லாத லயங்களும் இருக்கின்றன. நமது வாசலைச் சுத்தமாக வைப்பது நமது கடமைதான், அதைச் செய்வோம். ஆனால் பொதுப் பணம் செய்ய வேண்டிய வேலையை 'மனப்பான்மை மாற்றம்' என்று சொல்லி நமது தலையில் கட்டுவதை ஏற்க மாட்டோம்.

அறிவூட்டினால் போதும் என்று சொல்பவர்கள் மீரியபெத்தையை நினைத்துப் பார்க்கட்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தைப் பகுதியில் அந்த மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது; போவதற்கு நிலம் இருக்கவில்லை. 'இங்கே இருக்காதே' என்று சொல்வது சுலபம். சொந்தமாக ஒரு பேர்ச் காணிகூட இல்லாத குடும்பம் லயத்தை விட்டு எங்கே போகும்? காணி உரிமை இல்லாத மக்களுக்கு வழங்கப்படும் அனர்த்தப் பயிற்சி, கதவில்லாத வீட்டுக்குப் பூட்டு வாங்கிக் கொடுப்பதைப் போன்றது.

'தொழிற்சங்கம் எதற்கெடுத்தாலும் சம்பளம் பேசுகிறது, சுற்றாடல் வேலை சேவை மனப்பான்மையோடு செய்வதல்லவா?' என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்கு நமது பதில் இதுதான். விரிவுரையாளருக்குக் கொடுப்பனவு உண்டு. வாகனத்துக்கு எரிபொருள் உண்டு. பதாகை அடித்தவருக்குப் பணம் உண்டு. மண்வெட்டி பிடித்தவருக்கு மட்டும் சேவை மனப்பான்மை போதுமா? 'தோட்டம் நட்டத்தில் ஓடுகிறது' என்றும் சொல்வார்கள். மேல் மண் போன தேயிலையில் கொழுந்து குறையும். உரச் செலவு ஏறும். கானுக்கு ஆள் போடாமல் இன்று மிச்சம் பிடிக்கும் காசு நாளைய நட்டக் கணக்கில் வரும். குத்தகைக்கு எடுத்தவருக்குக் குத்தகைக் காலம் முடியும்வரைதான் கவலை. நமது பிள்ளைகள் அதற்குப் பிறகும் இங்கே வாழ வேண்டியவர்கள். மண்ணைக் காப்பதற்குச் சட்டமும் புதிதல்ல: மண் பாதுகாப்புச் சட்டம் 1951இலேயே வந்துவிட்டது. அதைப் பற்றிய செயலமர்வு துரைமாருக்கு எப்போது?

ஆகவே நாம் செயலமர்வுகளைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. அவற்றை நமது கோரிக்கை மேடையாக மாற்றச் சொல்கிறோம். இனிமேல் எந்தத் தோட்டத்தில் செயலமர்வு நடத்த வந்தாலும் தோட்டக் கமிட்டி முன்வைக்க வேண்டியவை இவை:

1. செயலமர்வும் ஓடை துப்புரவும் வேலை நாளில் நடக்க வேண்டும். வருகின்ற ஒவ்வொருவருக்கும் முழுப் பேர் போட வேண்டும். ஒரு நாள் ஓய்வையும் பெண்களிடமிருந்து பறிக்கக்கூடாது.

2. தமிழில் நடக்க வேண்டும். மண்டபத்தில் தொடங்காமல் மலையில் தொடங்க வேண்டும். ஊற்றிலிருந்து ஓடை வரை நடந்து பார்த்து, கொழுந்து எடுப்பவர்களும் கான் வெட்டிய மூத்தவர்களும் சொல்வதை முதலில் கேட்க வேண்டும்.

3. தோட்ட நிர்வாகமும் பிரதேச சபையும் வந்து உட்கார வேண்டும். அவரவர் செய்யப் போகும் வேலையைத் திகதியோடு எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

4. கான், கற்கட்டு, ஊற்றுப் பாதுகாப்பு ஆகியவை வருடம் முழுவதும் செக்ரோலில் வர வேண்டும். ஊற்றுக்கு மேலேயும் ஓடைக்கரையிலும் மருந்தடிப்பதை நிறுத்த வேண்டும்.

5. ஆபத்தான இடத்திலுள்ள குடும்பங்களுக்கு முதலில் பாதுகாப்பான காணியும் உறுதிப்பத்திரமும் தர வேண்டும்.

கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவும் வேண்டாம். ஒவ்வொரு கமிட்டியும் ஒரு கொப்பி வாங்கட்டும். தோட்டத்தில் எத்தனை ஊற்று, எது காய்ந்தது, எந்த நம்பர் மலையில் கான் தூர்ந்தது, எங்கே நிலம் வெடித்திருக்கிறது என்று எழுதட்டும். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரென்று கலங்கும் அல்லது நின்றுபோகும் ஊற்று, திடீரென்று இறுகிப்போகும் கதவு ஆகியவை மண்சரிவின் முன் அறிகுறிகள். மழைமானி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழை என்றால் விழிப்பு. 100 என்றால் வெளியேற ஆயத்தம். 150 என்றால் உடனே வெளியேற்றம். இது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு. ஆனால் அறிகுறி தெரிந்தால் அளவு பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

கொப்பியில் எழுதியதைப் பிரதி எடுத்து நிர்வாகத்துக்கும் கிராம சேவையாளருக்கும் பிரதேச செயலகத்துக்கும் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு பிரதியைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் அதை நாம் வைப்போம்.

சிரமதானம் என்றால் உழைப்பைத் தானம் கொடுப்பது. நமது முன்னோர் தொடக்கம் நாம் கொடுத்தது கொஞ்சமல்ல. இனி இந்த மலைக்கு நாம் செய்யும் வேலைக்குப் பேர் வேண்டும். நாம் காக்கும் மண்ணில் நமக்குப் பங்கு வேண்டும். அதைக் கேட்டு ஒன்றாக நிற்போம்!