காற்றுக்கு யார் முதலாளி?

ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்திலேதான் தூத்துக்குடி. அங்கே 1979இல் அனல்மின் நிலையத்தின் முதல் இயந்திரம் சுழன்றது. பின்னர் 210 மெகாவாட் வீதம் ஐந்தாக வளர்ந்தது. அண்டையிலே இவ்வளவு மின்சாரம் விளைந்தும், அதன் விலையைப் பேச நம் ஊராருக்கு இடமுண்டா?

2022இல் மத்திய அரசு விதி வகுத்தது: 100 கிலோவாட் இணைப்பு உள்ளவர், பசுமை மின்சாரத்தை விரும்பிய உற்பத்தியாளரிடம் வாங்கலாம். ஆலை முதலாளிக்கு அது கைகூடும். இரண்டு விளக்கும் ஒரு விசிறியும் உள்ள தொழிலாளிக்கு? தனியே நின்றால் எட்டாக்கனி!

கூடி நின்றால்? கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி விடை சொல்கிறது. 2006இல் அது, உடுமலையை அடுத்த மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. செலவு 1 கோடியே 55 லட்சம் ரூபாய். ஊராட்சியின் சேமிப்பு ஒரு பங்கு, மீதி வங்கிக் கடன். விளைந்த மின்சாரம் வாரியக் கம்பியில் ஏறிற்று. தெருவிளக்கு, குடிநீர் மோட்டார் முதலிய ஊர்த் தேவைக்கு மேற்பட்டது வாரியத்துக்கு விலையாயிற்று. அந்த வருமானம் கடனை அடைக்க உதவிற்று. லாபம் தனியார் பெட்டிக்குப் போகவில்லை, தோழர்களே!

ஆடிக் காற்று மார்கழியில் வீசாது என்பதை நாம் மறைக்கவில்லை. ஆகவே ஆண்டுக் கணக்காகவே வரவு பார்க்கவேண்டும்.

நம் மாவட்டத்துக் கயத்தாற்று வெளியிலும் காற்றாலைகள் நிற்கின்றன. காற்று பொது, இயந்திரம் மட்டும் ஏன் தனியுடைமை? பேரூராட்சி மன்றத்தில் கேளுங்கள். வெறுங்கையோடு அல்ல, கணக்கோடு கேளுங்கள்!